விசில் மேடம் ஜெயித்த வருஷம்

எங்கள் கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியைக்கு விசில் மேடம் என்று முதலில் பெயர் வைத்தது யாரென்று தெரியாது. நான் சேர்வதற்குப் பல வருஷம் முன்பே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. கழுத்தில் விசில் மாட்ட மாட்டார். மாட்டினால் எங்காவது கழற்றி வைத்துத் தொலைத்துவிடுவார். இரண்டு விரலை நாக்குக்கு அடியில் மடித்து ஒரு ஊது ஊதினால், மைதானத்தின் மறுகோடியில் மட்டம் போட்டு உட்கார்ந்திருக்கும் பெண்கள்கூட எழுந்து நிற்பார்கள். ஆள் ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவு. கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கிற ஆளா இது என்று வெளியூர்க் கல்லூரிக்காரர்கள் முகத்துக்கு நேரே சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். "வளையம் உங்களுக்கும் பத்தடி, எனக்கும் பத்தடி. நான் கொஞ்சம் அதிகமா அண்ணாந்து பாக்கணும், அவ்வளவுதான்" என்பார்.

பெண்கள் அணியில் நான் ஒன்பதாவது ஆள். அணியில் இருந்ததே ஒன்பது பேர். நாலு பேருக்கு ஒரே நாளில் காய்ச்சல் வந்தால்தான் எனக்கு வேலை. அப்படி ஒரு நாள் வரவே இல்லை. ஆகவே மூன்று வருஷம் மேடத்துக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் பாட்டில்கள், துண்டுகள், மேடத்தின் கைப்பை, கண்ணாடி, போன் எல்லாம் என் மடியில் இருக்கும். அவரைப் பற்றி மற்ற எட்டுப் பேரைவிட எனக்கு அதிகம் தெரியும் என்றால் அதற்குக் காரணம் என் ஆட்டத்தின் லட்சணம்தான்.

அந்த வருஷம் அவருக்கு நாற்பத்தெட்டு வயது. கல்லூரிக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. அத்தனை வருஷத்தில் அவருடைய அணி இரண்டாம் சுற்றைத் தாண்டியதில்லை. எங்கள் மைதானம் சிமெண்ட் தரை. நடுவில் ஒரு விரிசல். பந்து அதில் பட்டால் பக்கவாட்டில் ஓடும். "விரிசல் எங்க இருக்குன்னு நமக்குத் தெரியும், வர்றவங்களுக்குத் தெரியாது. நம்ம பலமே அதுதான்டி" என்பார். முதல்வருக்குக் கூடைப்பந்துக்கும் கால்பந்துக்கும் வித்தியாசம் தெரியாது. "உங்க பிள்ளைங்க நல்லா உதைக்கிறாங்களா?" என்று விசாரிப்பார்.

மேடத்தின் கணவர் தண்ணீர் வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்ப்பவர். ஒல்லியாக, நெடுநெடுவென்று இருப்பார். சனிக்கிழமை ஆட்டங்களுக்குத் தவறாமல் வந்து கம்பத்துக்குப் பின்னால் நிற்பார். நாங்கள் தோற்றுத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வரும்போது, "பரவாயில்லம்மா, போன தடவைக்கு இந்தத் தடவை அஞ்சு பாயிண்ட் கம்மியாத்தான் தோத்திருக்கீங்க" என்பார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி மேடம் பேசியதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

எங்களுக்கு நல்ல காலம் ஒரு ஜெராக்ஸ் கடையிலிருந்து வந்தது.

கல்லூரி வாசலுக்கு எதிரே இருந்த அந்தக் கடையில் காலையிலிருந்து மாலைவரை இயந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டே வேலை பார்த்த பெண்ணை எல்லோரும் ஜெராக்ஸ் ஆன்ட்டி என்று கூப்பிடுவோம். வாய் ஓயாமல் பேசுவார். எந்தப் பேராசிரியரின் குறிப்பு எந்தப் பரீட்சைக்கு வரும் என்று எங்களைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். கணவர் எப்போதோ வேறு குடும்பம் தேடிக்கொண்டு போய்விட்டார். கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் அவரும் அவர் மகளும் இருந்தார்கள். மகள் எங்கள் கல்லூரியில் வணிகவியல் முதலாண்டு சேர்ந்த வாரம், மேடம் ஏதோ நகலெடுக்கப் போயிருக்கிறார். மேல்தட்டில் இருந்த காகிதக் கட்டை அந்தப் பெண் ஸ்டூல் போடாமல் அப்படியே கையை நீட்டி எடுப்பதைப் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, பந்து விளையாடுவியா?"

"இல்ல மேடம். எனக்கு வேலை இருக்கு."

"எனக்குத் தெரியாம உனக்கு என்னடி வேலை?" என்றாராம் ஆன்ட்டி, இயந்திரத்தின் மூடியைத் தூக்கியபடியே. "கூட்டிட்டுப் போங்க மேடம். இவளுக்குத் துணி எடுத்தா அதுல எனக்கு ரெண்டு தைக்கலாம். அந்த உயரம் எதுக்காவது உதவட்டும்."

அவளுக்கு நாங்கள் ஏணி என்று பெயர் வைத்தோம். அவளும் அதற்குத்தான் திரும்பிப் பார்த்தாள். முதல் வருஷம் பந்தைப் பிடிக்கவே தெரியாது. விரலில் பட்டு அழுவாள். மேடம் தினமும் வகுப்பு முடிந்தபின் ஒரு மணி நேரம் அவளைத் தனியாக நிறுத்திச் சொல்லிக்கொடுத்தார். இவர் தலை அவள் தோளுக்குக்கூட எட்டாது. அண்ணாந்து திட்டுவார், அவள் குனிந்து கேட்டுக்கொள்வாள். அடுத்த வருஷம் அவள் வளையத்துக்குக் கீழே வந்து நின்றபோதெல்லாம், எதிரணியில் மூன்று பேர் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். மற்ற நாலு பேரையும் யாரும் பார்க்கவில்லை. அப்படித்தான் நாங்கள் ஜெயிக்க ஆரம்பித்தோம்.

முதல் ஆட்டத்தில் இருபத்தொரு புள்ளி வித்தியாசம். ஏதோ தவறு நடந்துவிட்டது என்று நினைத்து நான் எண்ணிக்கைப் பலகையை இரண்டு தடவை பார்த்தேன். இரண்டாவது ஆட்டம், மூன்றாவது ஆட்டம். உள்ளரங்கமும் மரத்தரையும் வைத்திருந்த பெரிய கல்லூரியை அவர்கள் தரையிலேயே போய்த் தோற்கடித்துவிட்டு வந்த அன்று, வேனில் ஒருத்தியும் உட்காரவில்லை. மேடம் மட்டும் முன்சீட்டில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தூசிடி" என்றார். ஜன்னல் மூடியிருந்தது. எட்டு ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தோம். கேண்டீன்காரர் எங்களுக்கு மட்டும் டீயைப் பெரிய தம்ளரில் கொடுத்தார். முதல்வர் காலைக் கூட்டத்தில், "நம்ம பிள்ளைங்க" என்று சொல்லிவிட்டு, பந்தைக் கூடையில் போடுவது போலக் கையால் காட்டினார். கற்றுக்கொண்டுவிட்டார்.

இனி நான் சொல்வதில் சில விஷயங்கள் எனக்கு அப்போது தெரியாது. பல வருஷம் கழித்து மேடம் சொல்லித்தான் தெரியும்.

இறுதிப் போட்டிக்கு ஆறு வாரம் இருந்தபோது, மேடம் எங்கள் போட்டிப் படிவங்களை ஆன்ட்டி கடையில் நகலெடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். சாப்பாட்டு மேஜையில் வைத்து ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போடும்போது நடுவில் வேறொரு தாள் இருந்தது. மருத்துவமனைத் தாள். கணையத்தில் கட்டி, கல்லீரல்வரை பரவியிருக்கிறது என்று அதில் எழுதியிருந்தது. மேலே ஜெராக்ஸ் ஆன்ட்டியின் பெயர்.

மறுநாள் கடை திறந்ததும் போய் நின்றார். ஆன்ட்டி அந்தத் தாளைப் பார்த்தார். பிறகு மேடத்தைப் பார்த்தார்.

"வேற ஆஸ்பத்திரியில காட்டறதுக்குக் காப்பி எடுத்தேன். கலந்துடுச்சா? பத்து வருஷத்துல ஒருத்தருக்கும் தாள் மாத்திக் கொடுத்ததில்ல மேடம்."

"பொண்ணுக்குத் தெரியுமா?"

"அல்சர்னு சொல்லியிருக்கேன்."

"சொல்லிடணும்மா. இதை மறைக்கக் கூடாது."

ஆன்ட்டி இயந்திரத்தை நிறுத்தினார். ஜெயித்த அணியிலிருந்து பெரிய நிறுவனங்கள் ஆள் எடுக்கும், விளையாடவும் செய்யலாம், நிரந்தர வேலையும் உண்டு என்று மேடமே முன்பு அவரிடம் சொல்லியிருந்தார். அதை அவர் மறக்கவில்லை.

"டாக்டர் ஆறு மாசம்னு சொல்லியிருக்கார். உங்க மேட்சுக்கு ஆறே வாரம். கணக்கு சரியாத்தானே வருது? இப்ப சொன்னா அவ பந்தைத் தொடமாட்டா. என் பக்கத்துலயே உக்காந்துடுவா. நான் போனப்புறம் அவளுக்கு என்ன இருக்கு, இந்த மெஷினா? கப்பு கைக்கு வந்த மறுநாள் நானே உக்காரவெச்சுச் சொல்றேன். அதுவரைக்கும் நீங்க வாயைத் திறக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

மேடம் சத்தியம் பண்ணினார்.

அன்று மாலை கணவரிடம் சொன்னார். மீட்டர் நோட்டை ஓரமாக வைத்துவிட்டு அவர் முழுவதும் கேட்டார். "சொல்லிடு" என்றார்.

"வாக்குக் கொடுத்துட்டேன்."

"அந்தம்மாவுக்குக் கொடுத்தே. அந்தப் பொண்ணு நாளைக்கு உன்கிட்டதான் கேக்கும், அவங்ககிட்ட கேக்க முடியாது."

மேடம் கையெழுத்துப் போட்ட படிவங்களை அடுக்கிக் கைப்பையில் வைத்தார்.

ஆன்ட்டி மெலிந்துகொண்டே வந்தார். எங்கள் கண்ணுக்கே தெரிந்தது. "அம்மா டயட்ல இருக்காங்களாம், என்னை மாதிரி ஆகணுமாம்" என்று ஏணி சிரித்தாள். அரையிறுதி எங்கள் மைதானத்தில் நடந்தது. வெயில் கொளுத்திய அந்த நாளில் ஆன்ட்டி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். ஏணி அன்று இருபத்தேழு புள்ளி எடுத்தாள். ஒவ்வொரு பந்து விழும்போதும் ஆன்ட்டி கைதட்டுவார்; பிறகு விலாவைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிடுவார். மேடம் ஆட்டத்தைப் பார்க்காமல் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். டைம் அவுட் கேட்க வேண்டிய இடத்தில் கேட்கவில்லை. நான்தான் முழங்கையால் இடித்தேன்.

இறுதிப் போட்டி மூன்றரை மணி நேரத் தொலைவில் வேறொரு ஊரில். முந்தின நாளே வேனில் போய் ஒரு விடுதியில் தங்கினோம். காலை ஏழு மணிக்கு மேடத்தின் போன் அடித்தது. ஏணியின் சித்தி, அதாவது ஆன்ட்டியின் தங்கை.

"மேடம், அக்காவுக்கு மூச்சு ஒரு மாதிரி இருக்கு. எனக்குப் பயமா இருக்கு. அவளை அனுப்பிடறீங்களா?"

அதற்குள் ஆன்ட்டி போனை வாங்கிக்கொண்டார். "இவ சும்மா பயப்படறா மேடம். நேத்தைக்கு இன்னிக்கு எவ்வளவோ தேவலை. இப்பதான் டீ குடிச்சேன். சாயந்தரம் அவ கப்போட வரட்டும், அப்புறம் எல்லாம் பேசிக்கலாம்."

குரல் தேய்ந்துபோயிருந்தது. ஆனாலும் சிரிப்பு இருந்தது. மேடம் போனை வைத்துவிட்டு அறைக்கு வெளியே வந்தார். நடைபாதையில் ஏணி மற்றவர்களுக்கு ஜடை பின்னிக்கொண்டிருந்தாள். "என்ன மேடம், தூக்கமே இல்லையா? எங்களுக்குத்தான் மேட்ச், உங்களுக்கு இல்ல" என்றாள். மேடம் அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுக் கடந்து போனார்.

ஆட்டம் பத்து மணிக்கு. பத்து நிமிடம் முன்பு மறுபடி போன். மேடம் ஒதுங்கிப்போய்ப் பேசிவிட்டு, வைக்காமல் அப்படியே கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். முகம் வெளிறியிருந்தது.

"இதைப் பிடிச்சுக்கோ. கட் பண்ணாதே. சத்தம் கேக்கணும்னு சொல்றாங்க. கேட்டா ஸ்கோர் சொல்லு. ஏணிக்குத் தெரிய வேண்டாம்."

திரையில் 'ஜெராக்ஸ்' என்று இருந்தது. காதில் வைத்தேன். மூச்சு கேட்டது. மாடி ஏறி வந்தவர் மூச்சு மாதிரி, ஆனால் அது அடங்கவே இல்லை. எனக்கு வயது இருபது. என்ன நடக்கிறது என்று யாரும் விளக்கவில்லை, விளக்கவும் தேவைப்படவில்லை.

முதல் கால்பகுதியில் நாங்கள் ஒன்பது புள்ளி பின்தங்கினோம். "எத்தனை?" என்றார் ஆன்ட்டி. சொன்னேன். "போகட்டும். வருவா" என்றார். ஏணி ஒரு பந்தை எகிறிப் பிடித்துத் திரும்பிப் போட்டபோது, "இப்ப ஏணிதான் ஆன்ட்டி, ரெண்டு" என்றேன். "ம்" என்று வந்தது. கொஞ்சம் கழித்து, "வேர்க்குதா அவளுக்கு?" என்றார். "ஊத்துது ஆன்ட்டி." "துண்டு கொடு."

பாதி ஆட்ட இடைவேளையில் நாலு புள்ளிதான் பாக்கி. எல்லோரும் பெஞ்சைச் சுற்றி நின்றார்கள். ஏணி எனக்கு மூன்றடி தள்ளி நின்று தண்ணீர் குடித்தாள். நான் தலையைத் திருப்பிக்கொண்டு மெதுவாகக் கேட்டேன்: "ஆன்ட்டி, அவ இங்கதான் நிக்கறா. கொடுக்கவா?"

நீண்ட நேரம் மூச்சு மட்டும். பிறகு, "வேண்டாம்மா. என் குரலைக் கேட்டா கண்டுபிடிச்சுடுவா" என்றார்.

நான் கொடுக்கவில்லை. கையை நீட்டினால் போதும். மூன்றடி.

மூன்றாம் கால்பகுதி முடிவில் சமநிலை. அதன்பின் ஆன்ட்டி எதுவும் கேட்கவில்லை. நானாகச் சொல்லிக்கொண்டே போனேன். கேட்கிறாரா இல்லையா என்று தெரியாமல், வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். யார் பந்தை யாருக்குக் கொடுத்தாள், யார் விழுந்தாள், யார் எழுந்தாள். ஆட்டம் முடிய நாலு நிமிடம் இருந்தபோது சித்தியின் குரல் தூரத்தில் கேட்டது. "அக்கா... அக்கா... இங்க பாரு." பிறகு ஏதோ விழும் சத்தம். தொடர்பு அறுந்தது.

மேடம் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். திரும்பி என்னைப் பார்த்தார். என்னால் தலையை ஆட்டவும் முடியவில்லை, அசைக்காமல் இருக்கவும் முடியவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. மைதானத்தின் பக்கம் திரும்பி, இரண்டு விரலையும் வாயில் வைத்து ஊதினார். காற்று மட்டும் வந்தது. மறுபடி ஊதினார். சத்தம் வரவே இல்லை.

ஏணி கடைசி ஒன்பது புள்ளியில் ஏழு எடுத்தாள். அறுபத்தொன்று, ஐம்பத்தெட்டு. இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு விசில் மேடம் ஜெயித்தார். பெண்கள் ஓடிவந்து அவரைத் தூக்கினார்கள். சின்ன உருவம், சுலபமாகத் தூக்கிவிட்டார்கள். ஏணியின் தோளில் உட்கார்ந்து மேடம் தேம்பித் தேம்பி அழுதார். அந்தப் போட்டோ இன்னும் கல்லூரி வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது. பார்க்கிறவர்கள் எல்லோரும் ஆனந்தக் கண்ணீர் என்றுதான் சொல்வார்கள்.

கீழே இறங்கியதும் ஓரமாகப் போய்ச் சித்தியைக் கூப்பிட்டுப் பேசினார். பிறகு ஏணியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உடைமாற்றும் அறைக்கு வெளியே இருந்த நடைபாதைக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"அம்மா போயிட்டாங்கடி" என்றார்.

"எங்க?" என்றாள் ஏணி.

அவள் முகத்தில் இன்னும் சிரிப்பு இருந்தது. கழுத்தில் துண்டு. நான் கொடுத்த துண்டு.

மேடம் ஒரு காரை ஏற்பாடு செய்தார். பதக்கத்துக்கு நாங்கள் காத்திருக்கவில்லை; மற்றவர்கள் பிறகு வேனில் வந்தார்கள். ஏணி முன்சீட்டில், விளையாட்டு உடையோடு. நானும் மேடமும் பின்னால். கார் ஒரு மணி நேரம் ஓடியது. பிறகு திரும்பாமல் கேட்டாள்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ஆறு வாரமா."

"இன்னிக்கு?"

"காலையில ஏழு மணிக்கு போன் வந்துச்சு. பதினொன்னே காலுக்குப் போனாங்கன்னு சித்தி சொன்னாங்க."

அதன்பின் அவள் முன்னால் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். கார் ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றபோது, "மூணரை மணி நேரம்" என்றாள். "ஏழு மணிக்குச் சொல்லியிருந்தா பத்தரைக்கு வந்திருப்பேன். அம்மா பதினொன்னே கால்வரைக்கும் இருந்திருக்காங்க."

கடையின் பின்னறையில் கூட்டமாக இருந்தது. சித்தி ஏணியைக் கட்டிக்கொண்டு கதறினார். "கடைசி வரைக்கும் போனைக் காதுலயே வெச்சிருந்தாடி. எடுக்கவே விடல. மேடம்கிட்ட பேசிக்கிட்டே இருந்தா."

ஏணி மெல்லத் திரும்பினாள். அந்தச் சின்ன அறையில் அவள் தலை கூரையின் விளக்கை மறைத்தது.

"எங்கம்மா கடைசியா பேசினது உங்ககிட்ட" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். மேடம் என் மணிக்கட்டைப் பிடித்தார். வலிக்கும்படி பிடித்தார்.

"ஆமாம்மா" என்றார்.

"வெளிய போங்க."

நாங்கள் தெருவுக்கு வந்தோம். சாலையைக் கடந்து கல்லூரி மதிலோரமாக நின்றபோது நான் அழுதுகொண்டே, "நான்தானே மேடம் பேசினேன், நான் சொல்லிடறேன்" என்றேன்.

"நீ எதுவும் சொல்லக் கூடாது. கோபப்பட அவளுக்கு ஒரு ஆள் போதும். உனக்கு இருபது வயசு. இதைத் தூக்கிட்டு நடக்காதே."

"ஆனா அது உண்மை இல்லையே மேடம்."

"போன் என்னோடது. கையில கொடுத்ததும் நான். அப்புறம் என்ன?"

பாராட்டு விழா நடந்தது. முதல்வர் அரைமணி நேரம் பேசினார். மேடம் எழுந்து, "பிள்ளைங்க நல்லா விளையாடினாங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஏணி வரவில்லை. சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். மீதிப் படிப்பை அந்தப் பக்கத்துக் கல்லூரியில் முடித்தாள். மேடம் மூன்று தடவை அந்த வீட்டுக்குப் போனார். மூன்று தடவையும் சித்திதான் கதவைத் திறந்தார். "பாக்க மாட்டேங்கறா மேடம். தப்பா நினைச்சுக்காதீங்க." வேலைக்கு ஆள் எடுக்கும் கடிதம் வந்தது, அவள் போகவில்லை. பந்தை மறுபடி தொடவும் இல்லை. அவளுடைய சான்றிதழ் இன்றுவரை மேடத்தின் அலமாரியில்தான் இருக்கிறது.

அந்த வருஷத்தோடு மேடம் கூடைப்பந்தை விட்டுவிட்டார். புதிதாக ஓர் ஆசிரியை வந்தார். மேடம் காலைப் பயிற்சியும் விளையாட்டு விழாவும் மட்டும் பார்த்துக்கொண்டார். விரலை வைத்து ஊதுவதையும் நிறுத்திவிட்டார் என்று பின்னால் வந்த மாணவிகள் சொன்னார்கள். அவர்களுக்கு அவர் வெறும் பி.டி. மேடம்தான்.

பத்து வருஷம் கழித்து அவர் ஓய்வுபெற்ற மறுவாரம் போய்ப் பார்த்தேன். அப்போதுதான் தாள் கலந்ததையும், சத்தியத்தையும், ஏழு மணி போனில் பேசியதையும் சொன்னார். கணவர் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"தேவலைன்னு அவங்களே சொன்னாங்களே மேடம். நீங்க நம்பினீங்க" என்றேன்.

"நம்பினேன்னு பத்து வருஷமா எனக்கே சொல்லிக்கறேன்" என்றார். "அந்தக் குரலைக் கேட்டா யாரும் நம்ப மாட்டாங்க. நம்பணும்னு எனக்கு ஆசையா இருந்துச்சு. இருபத்திரண்டு வருஷம் தோத்தவடி நான். அந்தம்மாவுக்காகத்தான் சொல்லலைன்னு சொன்னா பாதிதான் நிஜம். மீதிப் பாதி என்னன்னு எனக்குத் தெரியும்."

கணவர் கத்தியை வைத்துவிட்டு அவர் முதுகில் கை வைத்தார்.

அதைக் கேட்டபின் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஏணியைத் தேடிப் போனேன். நகரத்தின் இன்னொரு கோடியில் மருந்து மொத்த விற்பனைக் கிடங்கில் சரக்குப் பார்க்கும் வேலையில் இருந்தாள். மதிய இடைவேளையில் கிடங்கின் படிக்கட்டில் உட்கார்ந்தோம். கல்யாணமாகி இரண்டு குழந்தைகள் என்றாள். நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"அன்னிக்கு அம்மாகிட்ட பேசினது மேடம் இல்ல. நான்."

அவள் சாப்பாட்டு டப்பாவை மூடினாள். "என்ன சொன்னாங்க?"

சொன்னேன். எத்தனை, போகட்டும் வருவா, வேர்க்குதா, துண்டு கொடு. இடைவேளையில் கொடுக்கவா என்று கேட்டதையும் அதற்கு வந்த பதிலையும் சொன்னேன்.

"மறுபடி சொல்லு."

மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவையும் கேட்டாள்.

"அப்ப நான் என்ன பண்ணிட்டிருந்தேன்?"

"தண்ணி குடிச்சே. அப்புறம் அந்தப் பத்தாம் நம்பர்காரி காலை மிதிச்சுட்டே இருக்கா, அடுத்த தடவை மிதிச்சா அவ தலையில உக்காந்துடுவேன்னு கத்தினே."

"அது அம்மாவுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. சிரிச்சாங்க. மூச்சுக்கு நடுவுல ஒரு சிரிப்பு வந்துச்சு."

ஏணி முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நீண்ட முதுகு குலுங்கியது. கிடங்கில் மணி அடித்தபின்தான் நிமிர்ந்தாள்.

"மேடத்தை ஒரு தடவை வந்து பாரேன்" என்றேன்.

"கோபமெல்லாம் எப்பவோ போயிடுச்சு" என்றாள். "ஆனா முடியாதுடி. அவங்க முகத்தைப் பார்த்தா எனக்குக் காலை ஏழு மணி ஆயிடும். மறுபடி பதினொன்னே கால்வரைக்கும் நான் காத்திருக்கணும்."

எழுந்து உள்ளே போய்விட்டாள். என்னிடமும் அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம் என்று எனக்கு இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிவிட்டதற்காக என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. ஏணி கடைசியாகச் சொன்னதை மட்டும் இரண்டு தடவை கேட்டார். பிறகு, "அவ எப்படி இருக்கா?" என்றார்.

"நல்லா இருக்கா மேடம்."

"பசங்க என்ன படிக்குதுங்க?"

பெரியவள் ஒன்றாம் வகுப்பு என்றேன். பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னேன். தினமும் ஏணிதான் வேலைக்குப் போகும் வழியில் கொண்டுவிடுகிறாள், காலை எட்டரைக்கு.

மேடம் கணவரைப் பார்த்தார். அவர், "நாம நடக்கப் போற வழிதான் அது. அதே நேரம்தான். எப்படி இத்தனை நாள் கண்ணுல படாம இருந்தோமோ" என்றார். அவர் குரலில் ஒரு நம்பிக்கை எட்டிப்பார்த்தது.

"நாளையிலேர்ந்து தண்ணித் தொட்டிப் பக்கமா போவோம்" என்றார் மேடம்.

"அந்தப் பக்கம் மேடு. உனக்கு முழங்கால் தாங்காது."

"தாங்கும். மெதுவா ஏறிக்கறேன். அவ வேலைக்குப் போற பொண்ணு, காலையில நிம்மதியா போகட்டும்."

அவர் சரி என்று தலையாட்டினார். மேடம் எழுந்து, எனக்கு டீ போட அடுப்படிக்குப் போனார். குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் கூப்பிடவில்லை.